நிழலும் நேரமும் கேட்கிறோம்: நாராயணவனம் மண்டலத்தில் வெயிலில் உழைப்போரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: திருப்பதி மாவட்ட ஆட்சியர், மருத்துவம், கல்வி, தொழிலாளர் நலம், கைத்தறி ஜவுளித் துறைகளின் மாவட்ட அதிகாரிகள், திருமலை திருப்பதி தேவஸ்தானம், மண்டல பரிஷத், மண்டலத்தின் எல்லா கிராமப் பஞ்சாயத்துகளும்.

நாங்கள் கரும்பு வெட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், மாங்காய் பறித்து லாரி ஏற்றுகிறவர்கள், சூளையில் செங்கல் அறுக்கிறவர்கள், சாயம் போட்ட நூலைக் காயவைக்கிறவர்கள், ரோட்டு வேலை பார்க்கிறவர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள், தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்கிறவர்கள். தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் எங்கள் தலைமேல் காய்வது ஒரே வெயில்.

தோல் புற்றுநோயைத் தடுக்க, வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் பழக்கங்களை மக்கள் ஏற்கத் தயாரா என்று கேட்கிறார்கள். பாதிப் பழக்கம் எங்களிடம் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கிறது. மீதியைக் கற்றுக்கொள்ளவும் சம்மதம். கடைப்பிடிக்க விடாமல் செய்வது வேலை நேரமும், எடைக்கும் எண்ணிக்கைக்கும் தரும் கூலியும், ஒதுங்க இடமில்லாத பொட்டல்வெளியும். எங்களைத் திருத்தும் பிரசாரத்துக்கு முன்னால் இவற்றைத் திருத்துங்கள் என்பதே இந்தச் சாசனத்தின் சாரம்.

1. நிலவரம்

பயமுறுத்திக் காரியம் சாதிப்பது எங்கள் நோக்கமல்ல. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

கறுத்த தோலில் இருக்கும் மெலனின் என்னும் நிறமி, புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வெள்ளையருக்கு வருகிற அளவுக்குத் தோல் புற்று நமக்கு வருவதில்லை. அதற்காக ‘நமக்கு வரவே வராது’ என்று சொல்லிவிட முடியாது. மூக்கு, கன்னம், காது மடல், கீழ் உதடு என்று வெயில் விழும் இடங்களில் நம்மவர்களுக்கும் வருகிறது. சாதாரணப் புண் என்று களிம்பு தடவிக் காலம் கடத்துவதால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முற்றிவிட்டிருக்கிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-இலேயே சூரியக் கதிர்வீச்சை, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023 நவம்பரில் ஒரு கூட்டுக் கணக்கை வெளியிட்டன. வெயிலில் வேலை செய்ததால் வந்த தோல் புற்றுக்கு 2019-இல் மட்டும் 183 நாடுகளில் ஏறத்தாழ 19,000 பேர் பலியானார்கள்; மெலனோமா என்னும் கொடிய வகை அல்லாத தோல் புற்றால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வேலையால் வருவது. நுரையீரலுக்குச் சுரங்கத் தூசி எப்படியோ, தோலுக்கு நடுப்பகல் வெயில் அப்படி: அது தொழில் நோய்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நிறம் கறுத்த மக்களுக்கு மெலனோமா வந்தால், அது உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோ வருவதுதான் அதிகம். வெயிலுக்கு அதில் பெரிய பங்கில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கியது அதுதான். 1981-இல் உயிரைக் கொண்டுபோயிற்று. பழைய தீக்காயத் தழும்பிலும், வருஷக்கணக்கில் ஆறாத புண்ணிலும்கூடப் புற்று கிளம்புவதுண்டு. இவற்றைக் குடையும் கிரீமும் தடுக்காது. காலைத் திருப்பிப் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டும்.

வெயிலின் சேதம் தோலோடு நிற்பதுமில்லை. கண்ணில் புரை விழுவதிலும், கருவிழிமேல் சதை வளர்வதிலும் புற ஊதாக் கதிருக்குப் பங்குண்டு. 2015 கோடையில் வெப்பத்தால் ஆந்திரத்தில் மட்டும் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். நாங்கள் கேட்கும் நிழலும் நேரமும் தோலுக்கும் கண்ணுக்கும் உயிருக்கும் சேர்த்துத்தான்.

சூடு உடம்புக்குத் தெரியும். புற ஊதாக் கதிர் தெரியாது. நாராயணவனத்தில் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை. முதல் தடவை கோடை வெயிலுக்குப் பயந்து ஒதுங்குகிறோம். இரண்டாம் தடவை மேகமும் காற்றும் இருப்பதால், வெயில் தணிந்துவிட்டதாக நம்பி நாளெல்லாம் கழனியில் நிற்கிறோம். மெல்லிய மேகத்தைத் தாண்டிக் கதிரில் 80 சதவீதம் வரை வந்துவிடும். அரசின் வெயில் எச்சரிக்கையோ ஜூனோடு முடிந்துவிடுகிறது.

2. எங்கள் தயார்நிலை

கரும்பு வெட்டும் இடத்துக்கு ஒருநாள் வந்து பாருங்கள். புடவைமேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, அதன்மேல் துண்டைப் போர்த்தி, இரு முனையையும் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டி, கண் மட்டும் தெரிய நிற்பார்கள் பெண்கள். கரும்புச் சோகை கையை அறுக்காமலிருக்கப் போட்ட சட்டை வெயிலையும் தடுக்கிறது. இதற்காக யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுத்ததில்லை.

இது நெசவு ஊர். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள் பொழுது ஏறுவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுகி அறுந்துவிடும். நூலுக்குப் பார்க்கிற அந்த நேரக் கணக்கை ஆளுக்கும் பாருங்கள் என்கிறோம்.

தயக்கம் எங்கே இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். குடை பிடித்து நடக்கும் ஆம்பிளையை ஊர் கேலி பேசும். ஸ்கூட்டரில் போகும் பெண்பிள்ளைகள் முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றுவது கறுத்துவிடுவோமே என்ற பயத்தில். கல்யாணம் முடிந்தால் பயமும் போகும், துப்பட்டாவும் போகும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசினால் போதும் என்ற நம்பிக்கையும் உண்டு. இரண்டும் இந்த வெயிலைத் தடுக்கப் போதாது.

சன்ஸ்கிரீன் பற்றியும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். அது வேலை செய்யும் மருந்துதான். குயின்ஸ்லாந்தின் நாம்பூர் என்ற ஊரில் 1992-இல் தொடங்கி நாலரை வருஷம் நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்கு செதிள் செல் வகைத் தோல் புற்று ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் வேண்டும். வேர்த்து ஒழுகும் வேலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 50 மில்லி டியூப் மூன்று நாள் வராது. கூலிக்காரனிடம் போய் ‘கிரீம் பூசு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது யோசனை சொல்வதாகாது.

ஆளை மாற்ற வேண்டியதில்லை, ஏற்பாட்டை மாற்றினால் போதும் என்பதற்கு சாட்சி எங்கள் வீடுகளிலேயே உண்டு. குவைத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 மணி வரை திறந்தவெளியில் வேலை செய்வதில்லை. அங்கே சட்டம் தடுக்கிறது. கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை உத்தரவு போட்டு, வெயிலில் நிற்கிறவர்களுக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தருகிறது. குவைத்தில் நடுப்பகலில் நிழலில் உட்கார்ந்த அதே மனிதர், ஊருக்குத் திரும்பிய மறு மாசமே உச்சிவெயிலில் சூளையில் நிற்கிறார். அங்கே அவருக்கு இருந்த பழக்கம் இங்கே எங்கே போயிற்று?

ஆஸ்திரேலியாவும் இதைத்தான் கண்டது. 1981-இல் விக்டோரியா மாநிலத்தில் சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவைப் பொம்மையை ஆடவிட்டுப் பிரசாரம் தொடங்கினார்கள். பாட்டோடு விடவில்லை. தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட்டு இல்லை, நிழலில்தான் இடம் என்று பள்ளிகள் விதி வைத்தன. விளையாட்டுத் திடலுக்குக் கூரை வந்தது. வெளியில் வேலை செய்கிறவர் தொப்பிக்கும் கிரீமுக்கும் செலவிட்டதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றானது.

3. கோரிக்கைகள்

*வேலையிடம்*

1. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, திறந்தவெளிக் கூலி வேலைகள் அனைத்துக்கும் பகல் 11 முதல் 3 மணி வரை கட்டாய இடைவேளை வேண்டும். விடியலில் தொடங்கி முன்பகலில் முடிக்கலாம்; மீதி வேலையை மாலையில் பார்க்கலாம். ஜூனோடு நிறுத்தக் கூடாது. ஆகஸ்ட் உச்சிவெயிலையும் சேர்க்க வேண்டும்.

2. இடைவேளையால் கூலி குறையக் கூடாது. டன் கணக்கிலும் கல் கணக்கிலும் கூலி வாங்குகிறவர் நிழலில் உட்கார்ந்தால் அவர் சோற்றில்தான் அடி விழும். வெயில் மாதங்களுக்கு அளவைக் குறைத்து அதே கூலி தர, தொழிலாளர் துறை தனி வீதம் நிர்ணயிக்க வேண்டும்.

3. ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடத்தில் குடிநீர், ஓய்வுக்கும் குழந்தைகளுக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி தர வேண்டும் என்பது 2005-இல் வந்த சட்டத்திலேயே எழுதிய விஷயம். ஏரி தூர் வாரும் இடத்தில் எங்கள் புடவையை நான்கு குச்சியில் கட்டி நிழல் உண்டாக்குவது இனி வேண்டாம். மடக்கி எடுத்துப்போகும் தார்ப்பாய்ப் பந்தல் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் கணக்கில் ஏறிய பொருளாக வர வேண்டும்.

4. கட்டடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகிறது. அந்த நிதியிலிருந்து, காதும் பிடரியும் மறையும் அகல விளிம்புத் தொப்பியும் வெயில் கண்ணாடியும் கட்டடக் கூலிகளுக்கும் ரோட்டு வேலைக்காரர்களுக்கும் ஆண்டுதோறும் தர வேண்டும். சூளைக்காரர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் இதைத் தங்கள் செலவில் தர உத்தரவு வேண்டும்.

*துணி*

5. வெயிலைத் தடுக்கும் முதல் மருந்து கிரீம் அல்ல, துணி. துணி எங்கள் தொழில். ஒரு துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிகிறதென்றால் கதிரும் புகும். நெருக்கமாக நெய்தது அதிகம் தடுக்கும். நைந்து வெளுத்ததும், வியர்வையில் நனைந்து ஒட்டியதும் குறைவாகத் தடுக்கும். நாராயணவனம், புத்தூர், நகரித் தறிகள் லுங்கியும் புடவையும் நெய்கின்றன. வேலையில்லாத மாதங்களில் சும்மா நிற்கின்றன. தலையும் கழுத்தும் மூடும் துண்டு, முழுக்கை வேலைச்சட்டை இரண்டுக்கும் ஏற்ற நெருக்கமான பருத்தித் துணிக்கு மாநிலக் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான ஆப்கோ மூலம் ஆர்டர் தர வேண்டும். எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்பதைக் கோயம்புத்தூர் சிட்ரா போன்ற ஆய்வு நிலையத்தில் சோதித்து, அந்த எண்ணைத் துணியிலேயே அச்சடிக்க வேண்டும். நெசவாளிக்கு வேலையாகும், கூலிக்காரருக்குக் காப்பாகும்.

*பள்ளி*

6. மார்ச் நடுவில் தொடங்கும் அரைநாள் பள்ளி காலை 7.45-க்குத் திறந்து 12.30-க்கு விடுகிறது. இந்தப் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டேகாலை ஒட்டி. வெயிலிலிருந்து காப்பதற்கென்று போட்ட ஏற்பாடு, பிள்ளைகளைச் சரியாக உச்சிவெயிலில் ரோட்டில் இறக்கிவிடுகிறது. ஒன்று, காலை 7-க்குத் தொடங்கி 10.30-க்கு விடுங்கள், மதிய உணவு நேரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள். இல்லையானால், சாப்பிட்ட பிள்ளைகளை 3 மணி வரை வகுப்பறை நிழலில் வைத்திருங்கள்.

7. பள்ளிச் சீருடையில் தொப்பியைச் சேர்க்க வேண்டும். விளையாட்டும் உடற்பயிற்சியும் காலை 9-க்குள் முடிய வேண்டும். நிழல் பாடம் ஒன்று வேண்டும்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் ஒதுங்கு. இதற்கு மீட்டரும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். பிள்ளை கற்றால் வீட்டுக்கே வந்துவிடும்.

*மருத்துவம்*

8. வீடுதோறும் வந்து 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்று பார்க்கிறார்கள். அதே வருகையில் இன்னும் இரண்டு நிமிஷம் செலவிட்டுக் கீழ் உதடு, காது, மூக்கு, உள்ளங்கால், நகம், பழைய தீக்காயத் தழும்பு ஆகியவற்றைப் பார்க்க ஏஎன்எம் செவிலியர்களுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். ஒரு மாதம் தாண்டி ஆறாத புண், திடீரென்று ரத்தம் கசியும் மரு, காலில் பரவும் கரும்புள்ளி, நகத்தில் புதிதாக ஓடும் கருங்கோடு இவற்றைக் கண்டால் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

9. புத்தூர் அரசு மருத்துவமனையில் மாதம் ஒருநாளாவது தோல் மருத்துவர் வர வேண்டும். சந்தேகமான புண்ணிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பதற்கு, திருப்பதியில் இருக்கும் ஸ்விம்ஸ், ரூயா மருத்துவமனைகளுக்கு நேரடிச் சீட்டு தர வேண்டும். ஒருநாள் கூலியும் பஸ் சத்தமும் போகுமே என்றுதான் எங்கள் ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள். வறிய குடும்பங்களுக்குப் பயணப்படி வேண்டும்.

10. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்களுக்கு வெயில் நிஜமாகவே எமன். இவர்களுக்குச் சன்ஸ்கிரீன் அலங்காரப் பொருள் அல்ல, மருந்து. கென்யாவில் அரசே இலவசமாகத் தருகிறது. இங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் தேவையான அளவு தர வேண்டும். வெயிலைத் தாங்காத கண்ணுக்குக் கண்ணாடி, பார்வைக் குறைவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ், நிழலில் செய்யும் வேலை, வகுப்பில் முன் பெஞ்சு ஆகியவையும் வேண்டும்.

11. வெயில் காப்பு என்ற பெயரில் சிவப்பழகு வியாபாரம் நுழையக் கூடாது. சுகாதாரத் துறை ஒட்டும் எந்தச் சுவரொட்டியிலும் ‘கறுக்காமலிருக்க’ என்ற வார்த்தை இடம்பெறக் கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கிரீம் விற்கும் கடைகளைச் சோதனையிட வேண்டும்; அந்தக் கிரீம் தோலை மெலிய வைத்து, வெயிலைத் தாங்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது.

*பொது இடம், தகவல்*

12. கல்யாண வேங்கடேஸ்வர சுவாமி கோயிலுக்குக் கோடையிலும் கூட்டம் வருகிறது. வரிசை நிற்கும் இடத்திலும், உற்சவத்தன்று மாட வீதியிலும் பந்தலும் கால் சுடாத வெள்ளை வண்ணத் தடமும் தண்ணீரும் தேவஸ்தானம் வைக்க வேண்டும். பஸ் நிற்கும் இடம், ரேஷன் கடை, கிராமச் செயலகம், சந்தை ஆகிய எல்லா இடத்திலும் வரிசைக்குக் கூரை வேண்டும். சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டிய புளியமரங்களுக்கு ஈடாக நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்பதைக் கிராம சபையில் கணக்குக் காட்ட வேண்டும்.

13. புற ஊதாக் கதிரின் அளவு 3-ஐத் தொட்டாலே காப்பு வேண்டும், 8-ஐத் தொட்டால் நடுப்பகலில் வெளியே வரவே யோசிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கேரளத்தின் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 கோடையில் ஊர்வாரியாக இந்த எண்ணை வெளியிட்டு எச்சரித்தது. ஆந்திரத்தில் மண்டலவாரியாக வெப்ப எச்சரிக்கை அனுப்பும் ஆணையம், இந்த எண்ணையும் தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆகஸ்டிலும் அனுப்ப வேண்டும்.

4. எங்கள் பங்கு

கேட்பதோடு நிற்கவில்லை. கீழே உள்ளவற்றுக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்.

மேஸ்திரிகளாக இருக்கும் எங்களவர்கள் ஆட்களை விடியலில் அழைப்பார்கள். இடைவேளையில் உட்கார்ந்தவரை ‘சோம்பேறி’ என்று பேச மாட்டார்கள். குடை பிடிக்கும் ஆணைக் கேலி செய்வதை ஊர்ப்பெரியவர்களே முதலில் நிறுத்துவார்கள். கிராம சபைக்குக் குடையோடு வருவார்கள். சொந்தக் கழனியில் வேலை செய்வோரும் இதே நேரத்தைக் கடைப்பிடிப்போம். கூலிக்கு ஒரு நியாயம், சொந்தத்துக்கு ஒரு நியாயம் கிடையாது. மாசம் ஒருமுறை, தலைக்குக் குளிக்கும் நாளில், வீட்டிலுள்ள ஒருவர் மற்றவரின் பாதம், முதுகு, காது மடலைப் பார்ப்போம். ஆறாத புண்ணை மந்திரிப்பதோடு விடமாட்டோம், ஆஸ்பத்திரியில் காட்டுவோம். அல்பினிசம் உள்ள பிள்ளைகளைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்க மாட்டோம்.

5. பதிலும் கெடுவும்

இவற்றில் பலவற்றுக்குப் புதிய பணம் வேண்டாம். பள்ளி மணியை மாற்றவும், வேலை நேர உத்தரவு போடவும், ஏஎன்எம் பயிற்சியில் ஒரு பக்கம் சேர்க்கவும் கையெழுத்து போதும். இந்த மூன்றையும் வரும் உகாதிக்குள் கேட்கிறோம். பந்தல், தொப்பி, துணி ஆர்டர், கூரை ஆகியவற்றுக்கு அடுத்த நிதியாண்டு முடியும் வரை காத்திருக்கச் சம்மதம்.

மண்டல அளவில் ஒரு கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். அதில் பாதிப் பேர் வெயிலில் வேலை செய்கிறவர்களாகவும், அவர்களில் பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும். அல்பினிசம் உள்ள ஒருவருக்கு இடம் கட்டாயம். குழு கூடுவது வேலை நேரத்தில் என்றால் அன்றைய கூலியைத் தர வேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் இந்தச் சாசனத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குவோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண் போட்டிருக்கிறோம். அதே எண்ணைப் போட்டு, ‘முடியும்’ என்றால் எந்தத் தேதிக்குள், ‘முடியாது’ என்றால் எந்த விதியால் என்று எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதில்களை அடுத்த கிராம சபையில் உரக்கப் படிப்போம். பதில் வராத எண்களையும் படிப்போம், அந்த எண் எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்து.